எடுத்துவிட்ட வரி

வசுமதி தன் நாவலில் ஒரு வரியைத் திருத்தினால், விற்றுப்போன பிரதிகளிலும் அது உடனே மாறிவிடும். அதனால் புத்தகம் வெளிவந்த பிறகும் அவள் திருத்திக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் நாத்தனார் கோமளா வந்து நின்றாள்.

"அண்ணி, 'கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம், சோறு ஆறுது, வா'ன்னு ஒரு வரி இருந்துச்சே, எங்க?"

"சப்புன்னு இருந்துச்சுடி. எடுத்துட்டேன்."

"எங்க வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேக்க வாய் வராது. சண்டை போட்டா அந்தப் பக்கத்தைத்தான் விரிச்சுக் காட்டுவாரு. நேத்தும் விரிச்சாரு. வரியைக் காணோம். பேசாம பட்டினியா படுத்துட்டாரு."

வசுமதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பழைய வரியை அப்படியே திரும்ப எழுதினாள். இன்னும் கொஞ்சம் நயமாக்கலாமே என்று விரல் மறுபடியும் அதன்மேல் போனது.

"அண்ணி!"

வசுமதி கூனிக்குறுகிக் கையை இழுத்துக்கொண்டாள்.