அம்மா பறித்த திராட்சை

"அந்த பாட்டிலைத் திறக்க வேணாம். கெட்டுப்போயிருக்கும்."

மகளின் கல்யாண விருந்தில் பத்திஸ்தா இப்படிச் சொன்னதும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள்.

இத்தாலியில் எங்கள் பரோலோ பக்கத்தில் குழந்தை பிறந்தால், அந்த வருஷத்து ஒயினில் சில பாட்டில்களைத் தனியே எடுத்து வைப்போம். கல்யாணத்தன்று திறப்போம். ஒயின் செய்கிற குடும்பம் எதுவும் இதில் கஞ்சத்தனம் காட்டாது.

கல்யாணப் பெண் அர்மிதாவுக்கோ அது வெறும் ஒயின் இல்லை. அவளை வயிற்றில் சுமந்துகொண்டு அவள் அம்மா பறித்த திராட்சை. இவள் பிறந்த நாற்பதாம் நாள் அந்த மகராசி கண்ணை மூடிவிட்டாள். சின்ன வயதில், அப்படி எடுத்து வைத்த மூன்று பாட்டில்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டு அர்மிதா நிலவறையிலேயே தூங்கிப்போவாள். தேடிப்போய்த் தூக்கி வருவோம்.

"இருபத்தேழு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்பா. கெட்டுப்போயிருந்தாலும் பரவாயில்ல. ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

"அடுத்த வருஷம் இன்னொரு கல்யாணமா பண்ணிக்கப்போறா?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை, ஜெனோவாக்காரி. "நல்ல விலைக்கு யாருக்காவது பேசி வச்சிருக்கீங்களோ சம்பந்தி?"

அர்மிதா எழுந்தாள். கல்யாண கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளே நிலவறைக்குப் போய் பாட்டிலோடு வந்தாள்.

"குடு, நானே திறக்கறேன்," என்று பத்திஸ்தா பாய்ந்து வந்தார்.

"உங்க கை நடுங்குதுப்பா. பழைய கார்க், ஒடைஞ்சிடும். எவாசியோ மாமா, நீங்க திறங்க."

எவாசியோ என் வீட்டுக்காரர். எங்களுக்கும் ஒயின்தான் பிழைப்பு. பத்திஸ்தாவின் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மேடுதான். இந்த மனிதர் வாயைத் திறந்தால் சுயபுராணம். "என் ஒயின் ராஜா. பத்திஸ்தாவோடது கால் கழுவத்தான் ஆகும்" என்று அவர் காதுபடவே சொல்வார். இன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று வழியெல்லாம் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தேன்.

கார்க்கைப் பக்குவமாக உருவினார். ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"கார்க்கைக் குடுங்க மாமா. ஞாபகமா வச்சுக்கணும்."

"தூளாப் போச்சும்மா."

பச்சைப் பொய். முழுசாக வந்ததை நான் பார்த்தேன்.

"தாயில்லாப் பொண்ணுகிட்டயா திருடுவீங்க?" என்று அவர் காதில் சீறினேன். காதிலேயே வாங்கவில்லை.

ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். பத்திஸ்தாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்படி ஒரு ஒயின் என் பீப்பாய்ல ஒரு வருஷமும் வந்ததில்ல," என்றார் மெதுவாக. "உங்கம்மா கைராசிடா கண்ணு."

இந்த வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை!

அர்மிதா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். "அம்மா" என்றாள். ஒரே ஒரு தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்திஸ்தா எழுந்து வெளியே போய்விட்டார்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரருக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது.

"மிச்சம் ரெண்டு பாட்டிலையும் நான்தான் திறப்பேன். வேற எவனையும் தொட விடாதே. என் கை மாதிரி வருமா?"

"நீங்களேதான் மாமா. என் முதல் குழந்தை பிறந்ததும் ஒண்ணு."

வீடு வந்ததும் கோட்டைப் பிடுங்கினேன். ஆத்திரம் அடங்கவில்லை.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா இதை அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கப்போறேன்."

"அடுப்புல போடு அதை."

"ஏன் போடணும்?"

கார்க்கைத் திருப்பினேன். பக்கவாட்டில் சூடு வைத்த முத்திரை. இரட்டைக் கோழி. எங்கள் வீட்டு முத்திரை.

"என்னங்க, இது நம்ம ஒயினா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நீ வாழ்க்கைப்பட்டு வர்றதுக்கு முந்தின வருஷம். பறிக்கப் பத்து நாள் இருக்கு, மேட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஆலங்கட்டி மழை. பத்திஸ்தா கொடியில ஒரு கொத்து மிஞ்சல. பாவம், அர்மிதாவோட அம்மா எதைப் பறிச்சிருப்பா? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வரப்புல நின்னு அழுதா."

"அப்ப அந்த பாட்டில்?"

"எங்கேருந்து வந்திருக்கும்னு நானும் இத்தனை வருஷமா யோசிச்சதுதான். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அம்மா எங்கேன்னு கேக்கற புள்ளகிட்ட எதையாவது காட்டணுமே. ஆல்பா டவுன் கடையில நம்ம பாட்டிலை வாங்கி, லேபிளைச் சுரண்டிட்டுத் தன்னோடதை ஒட்டியிருக்கான். என்கிட்டக் கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். ரோஷக்காரப் பய."

கார்க்கை அடுப்பில் போட்டேன். அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றேன்.

"ஆனா, இன்னும் ரெண்டு இருக்கேங்க?"

"அதுக்குத்தானே வேற எவனையும் தொட விடாதேன்னு சொல்லிட்டு வந்தேன்."