பேர் சொல்லாத பேய்

"யாருடா நீ? பேர் சொல்லு!"

உடுக்கை அடித்து அடித்து என் விரலெல்லாம் வீங்கிப்போயிருந்தது.

எதிரே பலகையில் உட்கார்ந்திருந்த கந்தப்பன் வாயைத் திறக்கவில்லை. தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தேயிலை மலையில் வேலையில்லை. லயத்து வீடுகளின் வாசலில் தோட்டமே கூடி நின்றது.

எங்கள் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போய் காலேஜ் படித்த ஒரே பிள்ளை அவன். மாரியம்மன் திருவிழாவுக்கு லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படி மூலையில் முடங்கினான். வாசலில் யாராவது நின்றாலே உடம்பு நடுங்கும். லயத்துச் சனமெல்லாம் வேலைக்குப் போன பிறகுதான் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கவே வெளியே வருவான். வைத்த சோறு வைத்தபடி கிடக்கும்.

போன கிழமை ஆற்று விளிம்பில் நின்றவனை யாரோ இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து அவன் அம்மா வீரம்மா, வீட்டிலிருந்த கத்தியையும் கயிற்றையும் கொழுந்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறாள்.

தோட்டத்து டொக்டர் ஐயா வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. அப்புறம் நான்தானே?

மற்ற நாளெல்லாம் நான் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மாயாண்டி. ஞாயிறானால் பேயோட்டும் கோடாங்கி. பொகவந்தலாவைப் பக்கம் என் உடுக்கைச் சத்தம் கேட்டாலே பாதிப் பேய் தானாக ஓடிவிடும் என்று பீற்றிக்கொள்வேன்.

பிடித்திருப்பது மூக்கன்தான் என்று லயத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். போன மழைக்கு அதே ஆற்றில் விழுந்து செத்தவன். பேய் தன் பேரைச் சொல்ல வேண்டும். அது கேட்டதைக் கொடுத்துவிட்டு நான் உடுக்கையை நிறுத்துவேன். உடனே கையில் கல்லைக் கொடுத்து, எல்லோருமாகப் "போ, போ" என்று விரட்டுவார்கள். பேய் ஆற்றங்கரை வாகை மரம்வரை ஓடிக் கல்லைப் போடும். அதோடு சரி.

எங்களையே இந்தியாவுக்குப் போ என்று அரசாங்கம் சொல்ல ஆரம்பித்திருந்த வருஷம் அது. மூக்கனைப் போகச் சொல்வதா பெரிய காரியம்?

"அண்ணே, எப்பிடியாச்சும் எம்புள்ளைய மீட்டுக் குடுத்துருங்கண்ணே."

வீரம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான்.

மறுபடி ஓங்கி அடித்தேன். "பேர் சொல்லு!"

உதடு அசைந்தது.

"கந்தப்பன்."

கூட்டம் கொதித்தது. பேய் பொய் சொல்லுது, புள்ள பேரையே சொல்லி ஏமாத்துது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த மாதிரிப் புளுகு எத்தனை பார்த்திருக்கிறேன்!

"எங்கடா செத்த?"

"காலேஜ்ல."

குரல் மிகவும் மெல்லிசு. உடுக்கைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"காலையில வாத்தியார் பேர் கூப்பிடுவாரு. எந்திரிச்சு நிப்பேன். கொரல் வராது. எல்லாரும் திரும்பிப் பாத்துச் சிரிப்பாங்க. அவரு காத்திருக்க மாட்டாரு, அடுத்த பேருக்குப் போயிருவாரு. தெனமும் இதேதான். அங்க இருந்துக்கிட்டே இல்லாதவனாயிட்டேன்."

மூக்கன் காலேஜ் பக்கம் தலைவைத்துப் படுத்தவன் இல்லை. பேய் என்றால் சுருட்டுக் கேட்கும், கோழி கேட்கும். இப்படிப் பேசாது.

"ஒனக்கு என்னதான்டா வேணும்?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"போன்னு சொல்லுங்க மாமா. போயிர்றேன்."

மாமா என்றான். எந்தப் பேய் என்னை மாமா என்று கூப்பிட்டிருக்கிறது?

என் கை அப்படியே நின்றுவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. உடுக்கை நின்றதும் விரட்டும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து, யாரோ கல்லைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"போ! போ!"

வீரம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"போயிரு! எம்புள்ளைய விட்டுட்டுப் போயிரு!"

கந்தப்பன் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். அம்மாவை ஒரு தரம் பார்த்தான். பேய்கள் தலைதெறிக்க ஓடும். இவன் நடந்தான், ஆற்றுப் பக்கமாக. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

உடுக்கையை வீசிவிட்டு ஓடிப்போய் மறித்தேன். கல்லின் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னால் நிற்கமாட்டான் என்று அவன் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊர்ப் பேயையெல்லாம் விரட்டிப் பழகிய வாய் என்னுடையது.

"வீரம்மா! இது பேயில்ல, ஒம்மவன்தான்! அவன வான்னு கூப்பிடு!"

கூட்டம் ஓய்ந்தது.

வீரம்மா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. எல்லோரும் திரும்பி அவளையே பார்த்தார்கள்.

கந்தப்பனும் பார்த்தான்.

கல்லைக் கீழே போடவில்லை. ஆற்றுப் பக்கம் நகரவும் இல்லை.

அவள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தான்.