ஏரம்பரின் மலைச்சுற்று

"ஒருத்தரும் கீழை பாக்காதையுங்கோ. தலை சுத்தும்," என்றார் ஏரம்பர். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

பின்னால் வந்த எட்டுப் பேரும் பாறை விளிம்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய செருப்புக்குப் பக்கத்தில் கீழேயிருந்து ஒரு தலை தெரிந்தது.

"அண்ணை, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோ. வலை வீச வேணும்," என்றான் இடுப்பளவு தண்ணீரில் நின்ற யாகப்பு.

பருத்தித்துறைக் கரையில் மலை கிடையாது என்பது ஏரம்பருக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அடித்த நோட்டீசில், 'மலை, காடு, செங்குத்துப் பாறை, பழம்பாதை. சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடியும்' என்று அச்சடித்திருந்தார். நாற்பது வருடம் புடவைக்கடை நடத்தி, சாயம் போகிற சீலையை 'நிறம் மாறுற புது மாதிரி' என்று விற்றவருக்கு, சவுக்கு முளைத்த மணல்மேட்டை மலையாக்குவது பெரிய வேலையில்லை.

நடை முழுக்க இலவசம். முடிவில் ஆளுக்கொரு இளநீரும் உண்டு.

ஏரம்பர் சும்மா கொடுக்கிற ஆளில்லை. கடற்கரையோடு அவருக்கு ஏழு பரப்புக் காணி இருந்தது. அதை வாங்க ஒரு ஹோட்டல்காரர் ஆயத்தம். ஆனால் றோட்டிலிருந்து அங்கே போக வழியில்லை. குறுக்கே கிடந்தது, லண்டனில் இருக்கும் குணலட்சுமியின் காணி.

'அந்தக் காணிக்குள்ளால் காலங்காலமாகச் சனம் நடக்கிற பாதை ஒன்று இருக்கிறது, அதை மறிக்கக் கூடாது' என்று ஊர்ப் பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் இணக்கசபையில் முறைப்பாடு கொடுத்திருந்தார். வருகிற சனிக்கிழமை விசாரணை. காலங்காலமாக நடக்கிற அந்தச் சனத்தைத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எப்பிடியும் தொடங்கின இடத்துக்குத்தானே போறம். அப்ப அங்கையே நிண்டிருக்கலாமே?" என்றான் சுவிசிலிருந்து லீவில் வந்த ஜெரோசன்.

"நீர் சுவிசிலை மலை ஏறினா மேலையே இருந்திடுவீரோ தம்பி? இறங்கித்தானே வாறனீர். நடவும்."

கரையை விட்டுத் திரும்பிக் குணலட்சுமியின் காணிக்குள் நுழைந்தார்கள். இளம்பனை வடலிகளுக்கு நடுவே ஆள் ஒருவர் போகிற அகலத்தில் வழி ஓடியது. ஜெரோசன் இரண்டு பக்கமும் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இதையோ காடு எண்டு போட்டனீங்கள்? எங்கடை வீட்டுப் பின்கோடிக்குள்ளை இதைவிடப் பத்தை கிடக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். சரக்கைக் குறை சொன்னால் எந்த வியாபாரிக்குப் பொறுக்கும்?

"என்ன கதை கதைக்கிறீர்? போன மாசம் நான் தனியாளாக் கத்தியோடை பூந்து வெட்டின வழி இது. அதுக்கு முதல் இதுக்குள்ளை ஆடும் போனதில்லை. மனுசக் கால் பட்டு முப்பது வருஷம். ரெண்டு நாகம் கண்டனான்."

"அங்கிள், அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. காத்து இரைச்சல்," என்றாள் தொப்பி போட்ட பிள்ளை. கொழும்பில் வேலை என்று சொல்லிக் காலையில் வந்து சேர்ந்தவள். அப்போது தூக்கிய கைபேசியை இன்னும் இறக்கவில்லை.

ஏரம்பர் விரலால் தலைமயிரை வாரிக்கொண்டு ஒரு வடலியில் சாய்ந்து நின்றார். இந்தமுறை நாகம் மூன்றாகியது.

"எத்தினையாம் திகதி வெட்டினனீங்கள்?"

"ஆறாம் திகதி. காலமை தொடங்கிப் பொழுதுபட்டாப் பிறகுதான் முடிஞ்சுது. இது எந்தச் சனலிலை வரும், பிள்ளை?"

"சனல் இல்லை, அங்கிள். ஆனா பாக்கவேண்டிய ஆக்கள் பாப்பினம்."

ஏரம்பருக்கு அது போதுமாக இருந்தது. ஜெரோசனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னே நடந்தார்.

றோட்டுக்கு வந்ததும் இளநீர் வெட்டினார்கள். கூடவே ஆளுக்கொரு தாள் வந்தது. 'நான் இந்தப் பாதையை வழமையாகப் பாவித்து வருகிறேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"வழமையாகவோ? நான் இண்டைக்குத்தானே வந்தனான்," என்றான் ஜெரோசன்.

"எல்லா வழமையும் ஒரு நாளிலை தொடங்கினதுதான் தம்பி. வையும் கையெழுத்தை. இளநீர் சூடாகுது."

ஜெரோசன் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். தொப்பிக்காரி மட்டும் தாளை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தாள்.

இப்படி ஆறுதலாக வாசிக்கிற பிள்ளைதான் சாட்சிக்குத் தோது என்று ஏரம்பருக்குப் பட்டது. தன் பங்கு இளநீரையும் அவளிடம் நீட்டினார்.

"பிள்ளை, நீர் வடிவாக் கதைக்கிறீர். சனிக்கிழமை இணக்கசபைக்கு வந்து, இந்தப் பாதையைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். பயப்பிட ஒண்டுமில்லை. அந்த மனுசி லண்டனிலை. அவவின்ரை பக்கத்தாலை ஒருத்தரும் வரமாட்டினம்."

அவள் இரண்டாவது இளநீரையும் குடித்து முடித்து, கோம்பையைப் பக்குவமாக வேலியோரம் வைத்தாள்.

"கட்டாயம் வருவன், அங்கிள். குணலட்சுமி என்ரை அம்மா."