மொட்டை மனு

"பேரு எங்கப்பா?"

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் வரதராஜன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு வேணாம் சார். விஷயத்த மட்டும் பாருங்க" என்றார் ஆட்டோக்காரர் தைரியராஜ். பெயரில்தான் தைரியம்.

தை ஒண்ணாம் தேதியிலிருந்து ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி டீசல் ஆட்டோ ஓடக் கூடாது, பேட்டரி ஆட்டோ மட்டும்தான் என்று உத்தரவு தயாராகியிருந்தது. ஆட்சேபணை இருந்தால் இன்று ஐந்து மணிக்குள் எழுதித் தரலாம். ஒன்றாவது வந்தால் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். வராவிட்டால் அப்படியே அமல். இருபது வருஷமாக அந்த வீதிகளில்தான் தைரியராஜின் பிழைப்பு.

மணி நாலே முக்கால்.

"வேற யாராச்சும் குடுத்தாங்களா சார்?"

"ஒண்ணு கூட வரலை."

"எல்லாருக்கும் பயம் சார். போன தடவை பேரு போட்டு எழுதின எங்க ஸ்டாண்டு டிரைவர் ஜூடோட வண்டியத்தான் மொதல்ல மடக்கினாங்க."

"பேரும் விலாசமும் இல்லேன்னா அது மொட்டை மனு. குப்பைக்குத்தான் போகும்."

"நீங்களே ஏதாவது ஒரு பேரப் போட்டுக்கங்க சார்."

"விளையாடறியா? நான் இங்க வேலை பாக்கறவன். என் பேரையா போட முடியும்? இந்தா பேனா. கையெழுத்துப் போடு, இல்லேன்னா கிளம்பு."

தைரியராஜ் பேனாவை வாங்கினார். மகள் லிசியின் முகம் வந்து நின்றது. வண்டியை மடக்கிவிட்டால் அவளை யார் படிக்க வைப்பது? பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வரதராஜன் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். "நேரமாயிடுத்து."

கல்நெஞ்சுக்காரன்! மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவருக்கு அடுத்தவன் வயிறு எங்கே தெரியப் போகிறது! தைரியராஜ் வாய்க்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் கூட்ட அறிவிப்பு. தைரியராஜ் இரண்டு தடவை படித்தார். யாரோ எழுதியிருக்கிறார்கள். யார்?

கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டார். அதிகாரி ஹம்ஸா ஒரு தாளை எடுத்தார்.

"ஒரே ஒரு ஆட்சேபணை வந்திருக்கு. படிக்கிறேன். 'இந்தப் புகை ஓட்டுறவனுக்குத்தான் மொதல்ல ஆகாது. ஆனா வண்டி மாத்த ரெண்டு வருஷம் டைம் குடுங்க. ஸ்டாண்டுல சார்ஜ் போட இடம் குடுங்க. அப்புறம் யாரும் முரண்டு பிடிக்க மாட்டாங்க.'"

தான் எழுதியதேதான். எழுத்துக்கு எழுத்து! பாவி மனுஷன், குப்பையிலிருந்து எடுத்து என் பேரைப் போட்டுக் கொடுத்துவிட்டானா? தைரியராஜ் முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"நியாயமாத்தான் இருக்கு. இந்த ரெண்டையும் சேர்க்காம உத்தரவு போகாது" என்ற ஹம்ஸா, "எழுதினவங்க வந்திருக்காங்களா?" என்று தாளின் அடியில் பார்த்தார்.

தைரியராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"பூமா, கணவர் பெயர் வரதராஜன், கீழ உத்திர வீதி."