ஆமைக்கு வேஷம் இல்லை

மழைக்காலம் முழுக்க மைனா சொல்லி வந்த சேவல் வீரன் கதையைக் குரங்கார் ஒரே மாலையில் நாடகமாகப் போட்டார்.

"ஆமையின் கிளைக்கதையைத் தூக்கி எறிந்துவிட்டேன்!" என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். "அது வந்தாலே கதை நகராது. மைனா அதைச் சொல்லும்போதெல்லாம் நான் தூங்கிவிடுவேன்."

வேஷம் கேட்டு வந்த ஆமையிடம், "நீ மேடை ஏறுவதற்குள் நாடகமே முடிந்துவிடும். போய்ப் பின்னால் உட்கார்," என்றார்.

நாடகம் விறுவிறுவென்று ஓடியது. மேடையோரம் நின்ற குரங்காருக்குப் பெருமை பிடிபடவில்லை. சேவல் ஆற்றங்கரைக்கு வந்தது. அக்கரையில் எதிரி நரி. சேவல் அப்படியே நின்றுவிட்டது.

"ஆற்றைத் தாண்டு!" என்று பல்லைக் கடித்தார் குரங்கார்.

"எனக்கு நீந்தத் தெரியாதே! கதையில் ஆமைதானே என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும்?"

கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பியது. ஆமை எழுந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு, மேடையை நோக்கி நடக்கத் தொடங்கியது.

"சீக்கிரம் வா, சீக்கிரம்!" என்று கத்தினார் குரங்கார்.

"சும்மா இரும் ஓய்!" என்றது கூட்டம். "இதைப் பார்க்கத்தானே வந்தோம்."