வெளிச்சம் காட்டாத கல்

"பெட்டியை யாருமே திறக்கக் கூடாதுன்னா, உள்ள கல் இருக்குன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார் புது இயக்குநர்.

அருங்காட்சியகத்தின் கனிமப் பிரிவில், அந்தச் சின்ன இரும்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள் காப்பாட்சியர். எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றவள், பக்கத்து அறையில் எலும்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய நாத்தனார். புகார் கொடுத்த புண்ணியவதியும் அவளேதான்.

"அண்ணி பெட்டியைத் திறந்து திறந்து பாக்கறாங்க சார். இழுப்பறைச் சத்தம் என் அறை வரைக்கும் கேக்குது."

"அது என் டிபன் பாக்ஸ் வைக்கிற இழுப்பறை. பசிச்சா திறக்கத்தான் செய்வேன்."

"வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்குங்க" என்றார் இயக்குநர். "ஆனா மேடம், வெளிச்சம் பட்டுக் கல் கெட்டிருந்தா நீங்க இந்தப் பிரிவுல இருக்க முடியாது. வாசல் போர்டுலயே அந்தக் கல்லைத்தான் வரைஞ்சு வச்சிருக்கோம். அப்படி என்னதான் கல் அது?"

அவர் கணக்குத் துறையிலிருந்து வந்தவர். கல் என்றால் சிறுநீரகத்தில் வருவது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். ஆனால் தெரியாததைக் கேட்க வெட்கப்படாத நல்ல மனிதர்.

"விவியனைட் சார். இரும்பு, பாஸ்பேட், தண்ணி மூணும் சேர்ந்தது."

"கல்லுக்குள்ள தண்ணியா?"

"படிகத்துக்குள்ளயே கட்டுப்பட்டுக் கிடக்கும். பிழிஞ்சாலும் வராது."

"எங்க வீட்டுக் குழாய் மாதிரி."

நாத்தனார்கூடச் சிரித்துவிட்டாள். "காத்துப் போகாத சேத்துல வளரும் சார். புதைஞ்ச எலும்பு மேலயும் வளரும். என் பிரிவுல ஒரு தாடை எலும்பு நீலம் பாரிச்சுக் கிடக்கு. அதுக்கு யாரும் இரும்புப் பெட்டி தரல."

"நீலமா? இது நிறமே இல்லாத கல்லுன்னு சொன்னாங்களே?"

"தோண்டி எடுக்கிறப்போ கண்ணாடி மாதிரி இருக்கும் சார்" என்றாள் காப்பாட்சியர். பேச்சு கல்லின் பக்கம் திரும்பியதும் அவளுக்குப் பயம் கொஞ்சம் மறந்துபோனது. "இந்தக் கல் குடும்பத்துல கோபால்ட் இருக்கிறது ரோஜா நிறம், நிக்கல் இருக்கிறது பச்சை. அதுங்க பொறக்கும்போதே அப்படி. இது மட்டும் வெளிச்சத்தைப் பாத்த பிறகுதான் தன் நிறத்தைக் காட்டும்."

"எங்க மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஏன் மாறுது?"

"உள்ள இருக்கிற இரும்போட குணம் சார். முதல்ல நீலம், அப்புறம் கரும்பச்சை, கடைசில கறுப்பு. சில வாரம் நல்ல வெயில் போதும். எந்த விவியனைட்டும் அதுக்குத் தப்பாது. ஒருதரம் மாறிட்டா பழைய நிறம் திரும்ப வராது."

"இது அதேதான்னு சோதிச்சுப் பாத்தீங்களா?"

"சோதிக்கணும்னா ஒண்ணு வெளிச்சம் காட்டணும், இல்ல கீறணும். நகம் பட்டாலே கோடு விழற அளவுக்கு மிருது. இவ்வளவு அருமையான கல்லை யாருக்குக் கீற மனசு வரும்? சுரங்கத்துல எடுத்தவங்க இருட்டுலயே பெட்டியில போட்டாங்க. அந்தக் காலத்துப் பிரிவுத் தலைவர் படிகத்தோட வடிவத்தை வச்சுப் பேர் எழுதினார். அதுலேருந்து நாங்க பொத்திப் பொத்திக் காப்பாத்திட்டு வரோம்."

"அப்ப இன்னைக்குப் பாத்துடலாம்" என்றார் இயக்குநர்.

காப்பாட்சியர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாம் சார்..."

"போட்டோ கழுவற இருட்டறையில சிவப்பு பல்பு இருக்கு. அதுல கல் கெடாதுன்னு கேள்விப்பட்டேன். நீலம் ஏறியிருந்தா அந்த வெளிச்சத்துல கறுப்பாத் தெரியுமாமே?"

எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் மனிதர். இனி மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இருட்டறையில் மூன்று பேர் நிற்கவே இடம் போதவில்லை. சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. காப்பாட்சியர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நாத்தனார்தான் வாங்கித் திறந்தாள். மூடி மேலே போனதும் காப்பாட்சியர் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மாற்றல் உத்தரவும், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பழைய சாமான் கிடங்கும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"அடேயப்பா!" என்றார் இயக்குநர்.

அவள் பயந்து பயந்து கண்ணைத் திறந்தாள். பஞ்சு மெத்தைமேல் பளிங்காக மின்னியது கல். அதற்குள் பஞ்சின் இழைகூடத் தெரிந்தது. கறுப்பு என்று மருந்துக்கும் இல்லை.

"மேடம், என்னை மன்னிக்கணும்" என்றார் இயக்குநர். "இத்தனை வருஷம் ஆசையை அடக்கிக் காத்திருக்கீங்க. உலகத்துலயே தெளிவான விவியனைட் நம்மகிட்டதான்னு நாளைக்கே எல்லா அருங்காட்சியகத்துக்கும் எழுதப் போறேன். உங்க பேரோட!"

அவர் உற்சாகமாக வெளியே போனதும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நினைச்சுட்டேன் அண்ணி. நீங்க திறக்கவே இல்லன்னு கல்லே சாட்சி சொல்லிடுச்சு."

காப்பாட்சியர் பெட்டியை மூடிப் பூட்டினாள். வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஜன்னலோரம் பெட்டியைத் திறந்து வைத்தவள், மூட மறந்து கோடை விடுமுறைக்குப் போய்விட்டாள். மாதக் கணக்கில் வெயில் குடித்த கல்லைத் திரும்பி வந்து பார்க்கத் துணிவில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே பூட்டியவள்தான், இன்றுதான் மறுபடியும் பார்க்கிறாள்.

அது விவியனைட்டே இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எப்படித் தெரியும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியாது.