அவிழாத ஜடை

ரிலே ஓட்டம் தொடங்கப் போகிற நேரம் பார்த்துப் பட்டென்று அறுந்தது அவள் ஜடையில் போட்டிருந்த ரப்பர் பேண்ட்.

அது என்ன சாதாரண முடியா? அவிழ்த்துவிட்டால் பக்கத்தில் நிற்கிற ரெண்டு பேருக்கு நிழல் கிடைக்கும். கடைசிச் சுற்று ஓட வேண்டியவளே அவள்தான். தலையை இறுக்கக் கட்டாமல் கோட்டுப் பக்கமே வரக்கூடாது என்று விளையாட்டு வாத்தியார் வேறு கறாராகச் சொல்லிவிட்டார்.

மேலே படி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா கைப்பையைக் கவிழ்த்து இன்னொரு ரப்பர் பேண்ட் தேடினாள். ஒரு மாதமாக மகள் தூக்கத்தில்கூட ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்போது பையன்கள் வரிசையிலிருந்து ஒருத்தன் எழுந்து பாய்ந்தான். அவள் தம்பி. வந்த வேகத்தில் அக்காவைப் புல்லில் உட்காரவைத்தான். தன் ஷூ நாடாவை உருவி வாயில் கவ்விக்கொண்டு பின்ன ஆரம்பித்தான். விரல்களா அவை? முடிக்குள் பத்து அணில் புகுந்த மாதிரி ஓடின.

மைதானம் கொல்லென்று சிரித்தது.

"டேய், எனக்கும் ரெட்டை ஜடை போட்டு விடுடா" என்று ஒரு பையன் கத்தினான்.

"வரிசையில வாடா" என்றான் இவன், வாயில் நாடாவோடு.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மாடிவீட்டு அக்காதான் தினமும் ஜடை பின்னிவிடுகிறார் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். அந்த நன்றிக்கு அவள் மாடி ஏற்றிய பிஸ்கட்டில் ஒரு கடையே வைத்திருக்கலாம். அந்த அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இவனுக்கும் நீங்கதான் கத்துக் குடுத்தீங்களாக்கா?"

"நானா? ஜடை பின்ன வராமத்தானே நானே கிராப்பு வெட்டிக்கிட்டுத் திரியறேன். பிஸ்கட் குடுத்தே, எதுக்குன்னு கேக்காம வாங்கிக்கிட்டேன்."

அப்படியென்றால் தினமும் பின்னுகிறவன் இவனேதான். அம்மாவுக்குப் பெருமையில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. இந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருக்கிறாரே.

அப்பா லாரிக்காரர். அவர் மீசையில் துணி காயப்போடலாம். ஹாரன் பழுதானால் தொண்டையாலேயே வழி கேட்டு நாலு ஊர் தாண்டிவிடுவார். பையன் பிறந்தநாளுக்குப் பாப்பா பொம்மை கேட்டபோது, எங்க குடும்பத்து ஆம்பளைங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே பொறந்தவங்க என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லி, விளையாட்டு லாரி வாங்கிக் கொடுத்தவர். பையன் அந்த லாரியில் அக்காவின் பழைய பொம்மையைப் படுக்கவைத்து, போர்த்தித் தூங்கவைத்தான். அதை அவர் கண்ணில் படாமல் ஒளித்து ஒளித்தே அம்மாவுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

இப்போது அப்பா எழுந்தார். மீசை துடித்தது.

"என்னங்க, சின்னப் பையன்ங்க..." என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் அம்மா. பட்டன்தான் கையோடு வந்தது. அவர் ரெண்டு ரெண்டு படியாகத் தாண்டி இறங்கினார். சிரித்த வாயெல்லாம் தானாக மூடிக்கொண்டது. அம்மா செருப்பைக்கூட விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். கை ஓங்கினால் நடுவில் புகுந்து அடியைத் தான் வாங்கிக்கொள்வது என்று முடிவே செய்துவிட்டாள்.

அதற்குள் பையன் ஜடையை நாடாவால் முடிந்துவிட்டான்; விசிலும் ஊதியாயிற்று. குச்சி கை மாறி, கை மாறி மகளிடம் வந்தபோது மூன்று பேர் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

பறந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். வளைவில் காற்றே அவளுக்குப் பின்னால் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது. நம்பாதவர்கள் அங்கே இருக்கிற புல்லைக் கேட்டுப் பார்க்கலாம். மூன்றாவது ஆளைக் கோட்டருகே தாண்டினாள். ஜடையில் ஒரு மயிரிழை கலையவில்லை.

மைதானமே எழுந்து நின்று கத்தியது. பையன் ஒற்றை ஷூவோடு குதித்தான். குதித்தவன் தோளில் பொத்தென்று விழுந்தது அப்பாவின் கை.

மூச்சிரைக்க ஓடிவந்த அம்மா, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, தடுக்கக் கையை நீட்டினாள்.

அப்பா குனிந்தார். "என்ன முடிச்சுடா போட்டே?"

"தினம் காலையில நீங்க அக்காவுக்குப் போடுவீங்களேப்பா, அதான். லாரித் தார்ப்பாய்க்குப் போடற முடிச்சு."

"மெல்லப் பேசுடா" என்றார் அப்பா, அந்தத் தொண்டையில் அதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில். "ஜடை பின்றது நான்தான்னு உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்."